பீலி நின்ற நேரம்

இளம் நிருபர்களே, போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். ஏதோ பரீட்சை முடிவு வந்த நாள். "ஐயா, பெற்றோர் மகிழ்ச்சின்னு நாலு வரி அவசரமா வேணும். உங்ககிட்ட பழசு ஏதாச்சும் இருக்குமா? பேரை மட்டும் மாத்திக்கிறேன்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். அந்தப் பிள்ளையைக் கோபித்து என்ன பயன்? பதுளையில் முப்பது வருடம் பிரதேச நிருபராக இருந்து அந்தப் பழக்கத்தைச் சோறூட்டி வளர்த்தவர்களில் நானும் ஒருவன்தானே.

எனக்குத் தொழில் காட்டித் தந்த மூத்தவர் ஒருவர் இருந்தார். "மக்கள் சந்தோஷப்படுறது எப்பவும் ஒரே மாதிரிதான்டா. துக்கத்துக்குத்தான் நேர்ல போகணும்" என்பார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். யார் வென்றாலும் என்னிடம் செய்தி தயாராக இருக்கும். பட்டாசு கொளுத்தினர், இனிப்பு வழங்கினர், தாயார் ஆனந்தக் கண்ணீர் மல்கக் கூறினார். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவேன். ஒருவர்கூட ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. சந்தோஷச் செய்தியில் பொய் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஒருத்தி கேட்டாள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளைத் தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலைச்சரிவை ஒட்டிய லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். தகப்பன் இல்லை. தாய் பாக்கியம் கொழுந்து பறித்து வளர்த்தாள். புலமைப்பரிசில் கிடைத்துப் படிக்கப் போன பாடசாலையில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. அதற்குப் பிறகு அவளை யாராலும் தண்ணீரை விட்டு வெளியே எடுக்க முடியவில்லை. வெளிநாட்டில் நடந்த பெரிய போட்டி ஒன்றில் இறுதிச் சுற்றுக்குத் தெரிவானாள். அன்றைக்குத்தான் கொழும்புக்கு அவளைத் தெரிந்தது. ஒரு தொலைக்காட்சி 'தேசத்தின் மகள்' என்றது. இன்னொன்று 'தேயிலை மலையின் மீன்குஞ்சு' என்றது. அவளுடைய பெயரை ஒழுங்காகச் சொன்ன அறிவிப்பாளர் ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை.

இறுதிப் போட்டிக்கு மூன்று நாள் முன்பு அவளிடம் தொலைபேசியில் பேசினேன். வென்றால் லயத்தில் பெரிய கொண்டாட்டம்தானே என்று கேட்டேன்.

"ஒன்னும் நடக்காதுங்க ஐயா. மழை மாசம்ல" என்று சிரித்தாள். "எங்க லயத்துல மழை மாசத்துல வெடி போடமாட்டாங்க. தப்பு மேளம் அடிக்கமாட்டாங்க. டிவியக்கூட சத்தத்த கொறச்சுட்டுத்தான் பாப்பாங்க. மலை சத்தம் கேக்கணும்ல?"

"மலைக்கு என்னம்மா சத்தம்?"

"மேல வெடிப்பு விட்டிருக்குங்க. அது அசைஞ்சா பீலிதான் மொதல்ல சொல்லும்னு அம்மா சொல்லும். தண்ணி கலங்கும், இல்லாட்டி நிக்கும்."

பீலி என்றால் உங்களில் டவுனில் பிறந்தவர்களுக்குத் தெரியாது. பாறை ஊற்றிலிருந்து தகரத்தையோ குழாயையோ வைத்து லயத்துக்குப் பின்னால் இறக்கிய தண்ணீர். இரவு பகல் விழுந்துகொண்டே இருக்கும். குளிப்பது, குடிப்பது எல்லாம் அதில்தான். அவள் சொன்னதை நோட்டில் எழுதினேன். பிறகு பக்கத்தில் 'தேவையில்லை' என்று நானே குறித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இறுதிப் போட்டி நம் நேரப்படி நண்பகல். ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. நான் பதுளையில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். காலையிலேயே இரண்டு செய்தி எழுதி வைத்திருந்தேன், வென்றால் ஒன்று, தோற்றால் ஒன்று. அவள் சுவரைத் தொட்டாள். முதலிடம்! நானும் எழுந்து நின்று கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடமே ஆசிரியபீடத்திலிருந்து அழைப்பு. "ஊர் மக்கள் கருத்து எங்க? மத்தவங்க போட்டுட்டாங்க!" அனுப்பினேன். லயம் விழாக்கோலம் பூண்டது, பட்டாசுச் சத்தம் மலையெங்கும் எதிரொலித்தது, தாயார் பாக்கியம் அயலவர்களுக்கு இனிப்பு ஊட்டியபடி "என் மகள் இந்த நாட்டின் மகள்" என்றார். கீழே என் பெயர். ஐந்து நிமிடத்தில் இணையத்தில் வந்துவிட்டது. பத்தாவது நிமிடம் தொலைக்காட்சியில் வாசித்தார்கள்.

பிறகுதான் படம் வேண்டும் என்றார்கள். மழை அங்கியைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பண்டாரவளை, அப்புத்தளை, எல்லா இடத்திலும் உண்மையாகவே கொண்டாட்டம். பெரகல சந்தியில் வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு கடை முதலாளி என்னை இழுத்து வைத்து வாயில் தொதல் இனிப்பைத் திணித்தார். அவர் கையில் போன். "மேல லயத்துல இதைவிடப் பெருசாமே? இந்தா, போட்டிருக்கு!" என்று என் செய்தியையே எனக்கு வாசித்துக் காட்டினார். வெட்கம் கெட்ட எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

மேலே ஏற ஏற மூடுபனி. சந்தியின் வெடிச் சத்தம் இரண்டு வளைவுக்குள் அடங்கிவிட்டது. எதிரே ஓர் ஆள் வரவில்லை. மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் இல்லை. எங்கோ ஒரு கூடை வழியில் கவிழ்ந்து கிடந்தது, கொழுந்தோடு. கொண்டாட்டத்துக்கு வேலையை விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

லயத்து முற்றத்தில் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தேன். ஒரு சத்தமில்லை. இரண்டு நீள லயம், குடும்பத்துக்கு ஓர் அறையாக முப்பது காம்பரா இருக்கும். எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. "பாக்கியம்மா!" என்று கூப்பிட்டேன். என் குரல் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. முதல் காம்பராவில் எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. போட்டியை மறுபடி போட்டார்கள், தர்ஷினி நீந்திக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை.

அடுத்த காம்பராவிலும் ஆள் இல்லை. அங்கேயும் தொலைக்காட்சியில் அதே பிள்ளை, அதே தண்ணீர், சத்தமில்லாமல். அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒவ்வொரு வாசலாக நடந்தேன். அடுப்பில் பாதி வெந்த சோறு, நெருப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்த சாம்பல். ஒரு தட்டில் கையால் பிசைந்த சோறு, விரல் அடையாளத்தோடு. அறை அறையாக அந்தப் பிள்ளை சுவரைத் தொடுகிறாள், தலையை உயர்த்துகிறாள், வாயைத் திறந்து கத்துகிறாள். பார்க்க ஒரு சீவன் இல்லை. ஆனாலும் பாருங்கள், கை பழக்கதோஷத்தில் கமராவை எடுத்து இரண்டு படம் பிடித்தது.

கடைசிக் காம்பராவில் தொலைபேசி அடித்தது.

திடுக்கிட்டுவிட்டேன். சுவர் ஓரம் சார்ஜரில் கிடந்தது போன். திரையில் 'தர்ஷினி' என்று இருந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்கத் துணிவில்லை. மூன்றாவது முறை ஓய்ந்த பிறகு, என் சட்டைப் பையில் என் போன் அடித்தது.

"ஐயா, எங்க அம்மா எங்க?"

அவள்தான். பின்னால் ஏதோ ஒரு நாட்டின் பெருங்கூட்டம் ஆரவாரிக்கிற சத்தம் கேட்டது.

"வாழ்த்துகள் அம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயா, நீங்க எழுதினதப் பாத்தேன். வெடி போட்டாங்கன்னு. அம்மா இனிப்பு ஊட்டுச்சுன்னு. அந்த நாடு, மகள்னு என்னமோ பேசுச்சுன்னு. அது எங்க அம்மா இல்லைங்க. எங்க அம்மா அப்படிப் பேசாது. யாரு அது? எங்க லயத்துல யாரு இருக்கா இப்போ? நீங்க யாரைப் பாத்தீங்க?"

நான் இருக்கிற இடத்தைச் சொன்னேன். ஒருவரும் இல்லை என்றேன்.

"பீலியில தண்ணி விழுதாங்க?"

லயத்துக்குப் பின்னால் கோடிப்புறம் போனேன். ஒரு குடம் பீலிக்கு நேர் கீழே, முக்கால் நிறைந்து நின்றது. தகரத்தின் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அது விழவில்லை. ஒரு வாரம் மழை கொட்டுகிற மலையில், ஊற்று நின்றிருந்தது.

"இல்லைம்மா" என்றேன்.

"ஓடுங்க. வண்டிய விட்டுட்டு ஓடுங்க ஐயா. கோயிலத் தாண்டி மேல ஸ்கூலுக்கு. அம்மா அங்கதான் இருக்கும். ஓடுங்க!"

உலகத்தின் மறுகரையில் தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்ற பிள்ளை என்னை ஓடச் சொன்னாள். ஐம்பத்தைந்து வயதில் அப்படி ஓடுவேன் என்று நினைத்ததில்லை.

பாடசாலை எதிர்மேட்டில் இருந்தது. லயத்து ஜனம் முழுக்க அங்கே நின்றது, கைக்குழந்தையிலிருந்து கோலூன்றிய கிழவர் வரை. பாதிக் கூரைதான். மற்றவர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லா முகமும் ஒரே பக்கம், மலையைப் பார்த்தபடி. நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்ததற்கு இரண்டு பேர்தான் திரும்பினார்கள். ஒருவர் தோட்டத் தலைவர். மற்றவள் பாக்கியம்.

"நீங்கதானா அந்தப் பேப்பர்காரரு?" என்று தலைவர் கேட்டார். கோபமாகக்கூட கேட்கவில்லை. "பன்னெண்டு மணியிலருந்து பஸ்ஸுக்குக் கெஞ்சிக்கிட்டு இருக்கோம். டவுன்ல அனர்த்த ஆபீஸ்ல இருக்கிற பெரிய ஐயா சொல்றாரு, 'அங்க வெடி போட்டுக் கூத்தடிக்கிறீங்கன்னு நியூஸ் போகுது, இங்க மலை சரியுதுங்கிறீங்க, எதுய்யா உண்மை? குடிச்சிருக்கீங்களா'ன்னு. தோட்டத்துத் துரையும் அதையே பாத்துட்டு, எல்லாரும் லயத்துக்கு இறங்குங்கன்னுட்டாரு."

அவருக்குப் பின்னால் சில குடும்பங்கள் ஏற்கெனவே மூட்டையைத் தூக்கியிருந்தன. பச்சைக் குழந்தைக்காரி ஒருத்தி, "புள்ள வெறைச்சுப் போச்சு, நான் காம்பராவுக்குப் போறேன்" என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் இறங்கினால் பத்துப் பேர் இறங்குவார்கள். இருட்டுவதற்குள் பாதி லயம் நிறைந்துவிடும். என் நாலு வரியை நம்பி அவர்கள் அந்த மலைக்குக் கீழே போய்ப் படுக்கப்போகிறார்கள். ஐயோ, என்ன காரியம் செய்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

முதலில் ஆசிரியபீடத்துக்குப் பேசினேன். செய்தியை உடனே எடுங்கள் என்றேன். "உங்களுக்குப் பைத்தியமா? நாடே கொண்டாடுது. இன்னைக்கு எவன் மலை வெடிப்பைப் படிப்பான்? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்கள். அந்த அதிகாரியின் இலக்கம் என்னிடம் இருந்தது. எடுத்தேன். இங்கேதான் தம்பிமாரே, தங்கச்சிமாரே, கொஞ்சம் கவனியுங்கள். எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. 'முதலில் கொண்டாடினார்கள், பிறகு மலை அசைந்தது' என்று சொல்லியிருக்கலாம். என் மானம் தப்பியிருக்கும். வாய்வரை வந்தது. ஆனால் அந்த மனிதர் ஏற்கெனவே இரண்டு கதை கேட்டுக் குழம்பியிருக்கிறார், மூன்றாவதை நம்பவே மாட்டார் என்று தோன்றியது.

"சேர், அந்தச் செய்தி முழுப் பொய். நான் பதுளையில் வீட்டில் இருந்து எழுதினது. இங்கே ஒரு வெடியும் போடவில்லை. ஊற்று நின்றுவிட்டது. நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். முழு லயமும் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அவர், "ஊற்று நின்றதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினார். உண்மையில் தலைவர் அதை நாலு தடவை சொல்லியிருந்தார். அவர் சொன்னது காதில் ஏறாதபடி செய்தது என் பட்டாசு. பஸ் அனுப்புவதாகவும் ஒருவரையும் கீழே விடக்கூடாதென்றும் அதிகாரி உத்தரவு போட்டார். பச்சைக் குழந்தைக்காரி செருப்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

பஸ் வரும்வரை பாக்கியத்தின் பக்கத்தில் நின்றேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள், பார்வை மலையை விட்டு நகரவில்லை. என் போனில் தர்ஷினியைப் பிடித்துக் கொடுத்தேன். "எல்லாரும் இருக்கோம்டி. எண்ணிட்டேன். அழுவாத, சத்தம் போடாத" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தாள். அப்போதுதான் முதல்முறையாக நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"மகள் ஜெயிச்சப்போ எப்படிம்மா இருந்துச்சு?"

"நான் பாக்கலைங்க."

"பாக்கலையா?"

"எல்லாரும் அவங்கவங்க காம்பராவுலதான் உக்காந்திருந்தாங்க. சத்தத்த அமத்திட்டுத்தான் பாத்தோம். எல்லாப் புள்ளைகளும் வரிசையா நின்னு தண்ணிக்குள்ள குதிச்சாங்க. அவ குதிச்சது தெரிஞ்சுச்சு. அப்பத்தான் பின்னால பீலி நின்னுச்சு." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அவ மேல வரதுக்குள்ள நான் வெளிய ஓடிட்டேன். காம்பரா காம்பராவா கதவத் தட்டிக்கிட்டு இருந்தேன். அவ ஜெயிச்சத இங்க வந்து தலைவர் சொல்லித்தான் தெரியும்."

நான் நோட்டை எடுக்கவில்லை. கை வரவில்லை.

கடைசி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கிற நேரம். மூடுபனி கொஞ்சம் விலகி, கீழே லயம் தெரிந்தது. திறந்து கிடந்த வாசல்களில் வரிசையாக நீல வெளிச்சம், தொலைக்காட்சிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவு தூரத்திலும் அது தண்ணீரின் நிறம் என்று தெரிந்தது. பாக்கியம் படியில் ஒரு காலை வைத்தவள் நின்றாள். மேலே மலையில், லொறியிலிருந்து கருங்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு லயத்தின் மறுமுனையில் ஒரு வெளிச்சம் அணைந்தது. அடுத்தது அணைந்தது. அதற்கடுத்தது. வாசல் வாசலாக, யாரோ நடந்துபோய் அணைப்பதுபோல ஒழுங்காக அணைந்துகொண்டே வந்தது. கடைசியில் இருந்தது பாக்கியத்தின் காம்பரா. அதுவும் போன பிறகுதான் மண்ணின் முழு இரைச்சல் எங்களை வந்து அடைந்தது.

ஓர் உயிர் போகவில்லை. என் மோட்டார் சைக்கிள் மட்டும் அடியில் இருக்கிறது.

மறுநாள் பத்திரிகையில் என் செய்தி முதல் பக்கத்தில் அப்படியே வந்தது, 'லயம் விழாக்கோலம்' என்று. அதே பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சிறிதாக 'பெரகலப் பகுதியில் மண்சரிவு' என்றும் வந்தது. இரண்டும் ஒரே லயம் என்று எழுதும்படி கேட்டேன். அதற்குள் நாடு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்துத் தர்ஷினி வந்தாள். திறந்த வாகனத்தில் ஊர்வலம். பெரகல சந்தியில் எள் விழ இடமில்லாத கூட்டம், நாலைந்து தொலைக்காட்சிகள். தங்கவைத்திருந்த முகாமிலிருந்து அந்த லயத்து ஜனத்தையும் பஸ் வைத்துக் கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வாகனம் திரும்பியதும் பத்தாயிரம் வாலா சரவெடியைக் கொளுத்தினார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவர், குழந்தைக்காரி, தலைவர், பாக்கியம், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பினார்கள். மலையைப் பார்த்தார்கள். வாகனத்தின் மேல் மாலையும் பதக்கமுமாக நின்ற பிள்ளையும் அதே கணத்தில் திரும்பினாள். அவள் உயர்த்திய கை அப்படியே நின்றது.

அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 'இறைவனுக்கு நன்றி கூறி வானை நோக்கும் தங்க மங்கை' என்று கீழே போட்டார்கள். அச்சேறும் முன், ஊர்வலத்தன்று மாலையே ஆசிரியபீடத்திலிருந்து என்னிடம் கேட்டிருந்தார்கள், அந்த நேரத்தில் அவள் மனதில் என்ன ஓடியிருக்கும், நாலு வரி எழுதுங்கள் என்று. ஓய்வு பெற எனக்கு ஒரு வருடம் இருந்தது. முப்பது வருடத்தில் முதல்முறையாக, பொறுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். முகாமுக்கு நடந்து போனேன். அவள் தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன்.

"வெடிச் சத்தத்துல மலை சத்தம் கேக்கலைங்க ஐயா" என்றாள்.

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். போடவில்லை.